வெட்டினால்தான் வெட்டவெளி

"ஊரே மரம் நடச் சொல்லுது, நீங்க என்னடான்னா கையில ரம்பத்தோட குன்று ஏறுறீங்க!" குராய்டனில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எனக்குத் தவறாமல் விழும் கிண்டல் இது. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லண்டனின் தென்கோடியில் இருக்கும் ஃபார்திங் டவுன்ஸ் குன்றில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தன்னார்வலர்களுக்குக் கொடுக்கப்படும் முக்கியமான வேலை புதர் வெட்டுவதுதான். சில வருடங்களாகப் போய்வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதையும், அந்தக் குன்று இத்தனை காலம் வீடு கட்டப்படாமல் எப்படித் தப்பித்தது என்று தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். லண்டனில் இல்லாதவர்களுக்கும் இதில் ஒன்றிரண்டு விஷயம் பயன்படும்.

கூல்ஸ்டன் சவுத் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் மூச்சு வாங்க ஏறினால் நீளமான முதுகுபோல ஒரு குன்று. அதன் உச்சியோடு டிச்சஸ் லேன் என்ற குறுகலான சாலை ஓடுகிறது. இரண்டு பக்கமும் புல். வானம் தெளிந்த நாளில் வடக்கே, நகர நடுவில் கண்ணாடி ஊசிபோல் நிற்கும் ஷார்ட் (Shard) கட்டடம் தெரியும். தெற்கே நடந்துகொண்டே போனால் ஹேப்பி வேலி என்ற பள்ளத்தாக்கில் இறங்கலாம். லண்டனைச் சுற்றிவரும் லண்டன் லூப் நடைபாதை இந்த வழியாகத்தான் போகிறது.

அடியில் இருப்பது சாக் (chalk) என்னும் சுண்ணாம்புக் கல். டைனோசர் காலத்துக் கடலில் மிதந்த, கண்ணுக்கே தெரியாத பாசிகளின் ஓட்டுத் துகள்கள் படிந்து படிந்து இறுகிய வெள்ளைக் கல். சரிவுகளில் அதன்மேல் இருக்கும் மண் சில இடங்களில் ஒரு விரல் ஆழம்கூட வராது. மழை பெய்தால் தண்ணீர் நிற்பதில்லை, நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. சத்தும் இல்லை. நம் ஊர் விவசாயி பார்த்தால் "இதுல என்ன விளையும்?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

விளைவது ஏராளம். சத்துள்ள மண்ணில் நாலு முரட்டுப் புல் ஓங்கி வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சத்தில்லாத இடத்தில் அந்த முரடுகளால் தலையெடுக்க முடியாது, அதனால் சின்னஞ்சிறு செடிகளுக்கெல்லாம் இடம் கிடைக்கிறது. நன்றாகப் பராமரித்த சாக் புல்வெளியில் ஒரே ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் வெறும் பச்சைதான். முழங்கால் போட்டுக் குனிய வேண்டும். ஜூன் மாதத்தில் அப்படிக் குனிந்தால் முதலில் தட்டுப்படுவது காட்டு தைம், கிள்ளினால் ஓமத்துக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி வாசம். பக்கத்தில் சாலட் பர்னெட்டின் இலையைக் கசக்கினால் அசல் வெள்ளரிக்காய். காற்றே இல்லாதபோதும் நடுங்கிக்கொண்டிருக்கும் குவேக்கிங் புல், மஞ்சள் பூ காட்டும் பேர்ட்ஸ்ஃபுட் டிரிஃபாயில், குதிரை லாட வடிவில் காய் வைக்கும் ஹார்ஸ்ஷூ வெட்ச். தண்டே இல்லாமல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் ஒரு முள்செடியும் உண்டு. அதை யாரும் கண்ணால் கண்டுபிடிப்பதில்லை, உட்கார்ந்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இது இயற்கையாக வந்த புல்வெளி என்று நானும் முதலில் நினைத்தேன், வருபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆதியில் இங்கே காடு. மனிதர்கள் அழித்தார்கள், ஆடுமாடுகள் மேய்ந்தன, அந்த மேய்ச்சல்தான் புல்லைப் புல்லாக வைத்திருந்தது. தென் இங்கிலாந்தின் சாக் குன்றுகளில் பல நூற்றாண்டு நடந்த முறை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: பகல் முழுக்கச் செம்மறிகள் குன்றில் மேயும், இரவில் கீழே இறக்கி வயலில் கிடை போடுவார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கீதாரிகள் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வயலுக்கு உரம் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியும். மறுபக்கத்தை நான் யோசித்ததே இல்லை. மேய்ந்த இடத்திலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்து வெளியேறுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படி உறிஞ்சி எடுத்ததால்தான் குன்று இவ்வளவு மெலிந்தது, இத்தனை பூவும் வந்தது.

மனிதக் கை பட்ட இடம் என்பதற்குத் தரையிலேயே அடையாளம் இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது சரிவில் நீளநீளமாக மேடுகள் தெரியும். அவை இரும்புக் காலத்து வயல் வரப்புகள். உச்சியில் சிறு சிறு வட்டத் திட்டுகள், 7ஆம் நூற்றாண்டு சாக்சன் மக்களின் புதைமேடுகள். 1871இல் ஒரு தடவை தோண்டிப் பார்த்தார்கள். பிறகு 1948, 49இல் பிரையன் ஹோப்-டெய்லர் என்ற தொல்லியலாளர் முறையாக அகழ்ந்தார். இன்று அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். அங்கே வேலி போட ஒரு கம்பம் நடுவதென்றாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

இனி வழக்குக் கதை. எனக்கு இதில்தான் சுவாரசியம் அதிகம்.

இங்கிலாந்தில் 'காமன்' என்று சொல்லும் நிலம் பெயரளவில் ஊர்ப் பொது. ஆனால் மண்ணின் சொந்தக்காரர் ஜமீன்தார் மாதிரியான ஒரு மேனர் பிரபு. சுற்றியுள்ள நிலத்துக்காரர்களுக்கு அதில் மாடு மேய்க்கவும் விறகு, புதர் வெட்டவும் உரிமை உண்டு. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு அரசாங்க நிலம், இங்கே தனியார் நிலத்தின்மேல் ஊராரின் உரிமை. இந்த வித்தியாசம்தான் பின்னால் கைகொடுத்தது. 1235இல் போட்ட மெர்ட்டன் சட்டப்படி, உரிமையுள்ளவர்களுக்குப் போதுமான மேய்ச்சலை விட்டுவைத்தால் மிச்சத்தைப் பிரபு வளைத்துக்கொள்ளலாம். ரயில் வந்து லண்டன் தெற்கே வீங்க ஆரம்பித்ததும் பிரபுக்கள் அந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். மேய்ச்சலுக்குக் காலணா பெறாத குன்று, வீட்டுமனையாக்கினால் தங்கம்.

ஃபார்திங் டவுன்ஸ் அடங்கிய கூல்ஸ்டன் மேனரின் பிரபு எட்மண்ட் பைரன். அவர் காமன் நிலங்களை வளைக்கவும், மேல்மண்ணையும் சரளையையும் வெட்டி எடுக்கவும் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் உரிமை வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 'ஹால் எதிர் பைரன்' என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கும் 1877ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதில் வந்ததுதான். போதுமான மேய்ச்சல் மிச்சம் இருக்கிறதா என்று கோர்ட் கேட்டது. இல்லையென்றால் பிரபுவானாலும் கைவைக்கக் கூடாது என்று தடை போட்டது. வழக்குப் போட்டவர்கள் பட்டாம்பூச்சிக்காகப் போடவில்லை, தங்கள் உரிமைக்காகப் போட்டார்கள். அந்தக் காலத்தில் லண்டனைச் சுற்றி இதே மாதிரிப் பல வழக்குகள் நடந்தன. 1865இல் தொடங்கிய காமன்ஸ் பாதுகாப்புச் சங்கம் அவற்றில் பலவற்றுக்கு வழிகாட்டியாக இருந்தது.

வழக்கில் ஜெயித்தாலும் ஆபத்து முழுசாகப் போய்விடவில்லை. 1878இல் ஒரு சட்டம் வந்தது. லண்டன் நகரின் நடுவிலுள்ள பழைய சதுர மைலை ஆளும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன், தன்னைச் சுற்றி 25 மைலுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நிலங்களை வாங்கி மக்களின் பொழுதுபோக்குக்காகத் திறந்தவெளியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. 1880இல் பர்ன்ஹம் பீச்சஸ் காட்டை அப்படி வாங்கியது. 1883இல் ஃபார்திங் டவுன்ஸ், கூல்ஸ்டன் காமன், கென்லி காமன், ரிடில்ஸ்டவுன் நான்கும் பைரனிடமிருந்து கார்ப்பரேஷன் கைக்கு வந்தன. நில வழக்கில் தோற்று, விற்க மட்டுமே வழி மிச்சமிருந்த பிரபுவுக்கும் அதில் நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன்.

அத்துடன் சுபம் போட்டுவிட முடியாது. 1917இல் போர்க்காலத் தேவை என்று கென்லி காமனில் ஒரு பெரிய துண்டை அரசு எடுத்து விமானதளம் ஆக்கியது. மேற்கொண்டு இடம் தேவைப்பட்டபோது 1939இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. எடுத்ததற்கு ஈடாக வேறு நிலமும் தர வேண்டிவந்தது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 18ஆம் தேதி அந்தத் தளத்தில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. இன்று அங்கே கிளைடர்கள் பறக்கின்றன, போர் விமானங்களை நிறுத்திவைத்த மண்மேடுகள் அப்படியே இருக்கின்றன. ஹேப்பி வேலியை 1930களில் உள்ளூர் மன்றம், நகரைச் சுற்றிக் கட்டடம் பரவாமல் காக்கும் பசுமை வளையத்துக்காக வாங்கியது. அது இப்போது குராய்டன் கவுன்சிலுடையது. 2019இல் எல்லாவற்றையும் சேர்த்துச் சவுத் லண்டன் டவுன்ஸ் தேசிய இயற்கைக் காப்பகம் என்று அறிவித்தார்கள், மொத்தம் 417 ஹெக்டேர்.

ஆக, கட்டடம் வராது. அந்தக் கவலை பெருமளவு தீர்ந்தது. ஆனால் சட்டத்தால் ஹாதார்ன் என்ற முள்புதரின் விதை முளைப்பதைத் தடுக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் செம்மறி வளர்ப்பு படுத்துவிட்டது. கொஞ்ச காலம் முயல்கள் அந்த வேலையைப் பார்த்தன. 1953இல் மிக்ஸோமடோசிஸ் நோய் இங்கிலாந்துக்குள் வந்து முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றது. மேய ஆளில்லை. முதலில் புல் உயர்ந்தது, பிறகு ஹாதார்ன், பிளாக்தார்ன், டாக்வுட் புதர்கள், அவற்றின் நிழலில் ஆஷ் மரம். இருபது முப்பது வருடம் சும்மா விட்டால் போதும், நூற்றாண்டுகள் செய்த புல்வெளி காணாமல் போய்விடும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனின் சாக் புல்வெளியில் 80 சதவீதம் அழிந்தது என்கிறார்கள். அதில் உழவுக்கும் உரத்துக்கும் போனது பெரும்பங்கு. சும்மா கிடந்தே போனதும் கணிசம்.

அதற்காகத்தான் ரம்பம்.

வேலை இப்படி நடக்கும். காலை பத்து மணிக்குச் சரிவில் கூடுவோம். குன்றைப் பராமரிக்கும் ஊழியரான ரேஞ்சர், எந்தப் புதரை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று காட்டுவார். எல்லாவற்றையும் மொட்டையடிப்பதில்லை. பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அங்கங்கே புதர்த் திட்டு வேண்டும், ஓரங்கள் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து இருக்க வேண்டும். கட்டைவிரல் பருமன் வரை லாப்பர் என்ற நீளக் கைப்பிடிக் கத்தரி, அதற்குமேல் வில்ரம்பம். தரையோடு ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு சாண் குச்சியை நீட்டிவிட்டால் பின்னால் வரும் ஆட்டின் காலிலும் அறுப்பு இயந்திரத்தின் சக்கரத்திலும் குத்தும். வெட்டிய அடிக்கட்டை மறுபடி தழையாமல் இருக்க உரிமம் உள்ளவர்கள் உடனே மருந்து தடவிக்கொண்டே வருவார்கள். தாமதித்தால் காயம் ஆறி மருந்து இறங்காது. பிளாக்தார்ன் இருக்கிறதே, அது தனி ரகம். ஒன்றை வெட்டினால் வேரோடு வேராக ஓடிப் பத்து முளைக்கும். அதன் முள் விரலுக்குள் ஒடிந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும். பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், தோட்டத்துத் துணிக் கையுறை போதாது, தோல் கையுறையே போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டியதை இழுத்துப் போய் எரிப்பது பாதி வேலை. இதை எங்கே எரிப்பது என்பதில் ரேஞ்சர்கள் கறாராக இருப்பார்கள். பூ இருக்கும் இடத்தில் எரித்தால் சாம்பல் உரமாகி அங்கே காஞ்சொறி முளைக்கும். கோடை முடிவில் புல் அறுத்தாலும் இதே கணக்குதான். அறுத்ததை அங்கேயே விட்டுவிடக் கூடாது, வாரி வெளியே கொண்டுபோக வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் இலைதழையை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தே பழகிய எனக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆனது. இங்கே மண்ணைப் பட்டினி போடுவதுதான் பராமரிப்பு.

மார்ச்சில் ரம்பத்தைக் கீழே வைத்துவிடுவோம், பறவைகள் கூடு கட்ட ஆரம்பித்துவிடும். மீதி வருடம் ஆடுமாடுகளின் பொறுப்பு. வானம்பாடி இங்கே தரையில், புல்லுக்குள் கூடு வைக்கிறது. அந்த மாதங்களில் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடுவது அதன் குடும்பத்தையே கலைப்பது மாதிரி.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், இரண்டு விஷயம் காட்டுவேன். ஒன்று கிரேட்டர் யெல்லோ ராட்டில். பிரிட்டனில் மிக அரிதான செடி, இந்தக் குன்றும் ஹேப்பி வேலியும்தான் அதன் பெரிய கோட்டை. மஞ்சள் மூக்கு வைத்த பூ. மண்ணுக்கடியில் பக்கத்துப் புல்லின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சத்தை உறிஞ்சும், அதனால் புல் குட்டையாகவே நின்றுவிடும். ஒரே வருடம் வாழும் செடி. காய்ந்து விதை கொட்டுவதற்குமுன் அறுத்துவிட்டால் அடுத்த வருடம் அங்கே அது இல்லை. அறுப்புத் தேதியையே அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காயை ஆட்டிப் பார்த்தால் கிலுகிலுப்பை போல ஓசை வரும், அப்போது அறுக்கலாம்.

இன்னொன்று எறும்புப் புற்று. முழங்கால் உயரத்துக்கும் கீழே, பச்சை போர்த்திய மெத்தைபோல் இருக்கும். மஞ்சள் எறும்புகள் வருடக்கணக்காக மண்ணை மேலே தள்ளிக் கட்டியது. புற்று பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் நெடுங்காலம் ஏர் படவில்லை என்று அர்த்தம், பத்திரம் பார்க்காமலே சொல்லிவிடலாம். புற்றின் மேல் தைமும் ராக்-ரோஸும் பக்கத்துத் தரையைவிடச் செழிப்பாக வளரும். பச்சை மரங்கொத்தி வந்து அதைக் குடைந்து எறும்பைத் தின்னும். சாக்ஹில் புளூ என்ற வெளிர்நீலப் பட்டாம்பூச்சியின் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் இலையை மட்டும்தான் தின்னும். அதன் உடம்பில் ஊறும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். செடி, எறும்பு, குட்டைப் புல்லின் வெதுவெதுப்பு மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். இடத்தை விலைக்கு வாங்கிவிடலாம், இந்தச் சேர்க்கையைக் காலம்தான் தர வேண்டும்.

இனி நம்மவர்கள் விஷயம். கோடை வந்தால் குராய்டன், சட்டன், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாக வருவது எனக்குச் சந்தோஷம்தான். 1878 சட்டம் சொன்ன 'மக்கள்' நாமும்தான், தயங்கத் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. புளியோதரை கட்டிக்கொண்டு வாருங்கள், ஆனால் அலுமினியத் தட்டில் வரும் பார்பிக்யூவை வீட்டில் விடுங்கள். ஜூலைப் புல் சருகாக இருக்கும், ஒரு பொறி போதும். தட்டின் சூடே புல்லைச் செவ்வகமாகக் கருக்கிவிடும். பலூனும் வேண்டாம், மாடு தின்றுவிடும். ஒருமுறை பிறந்தநாள் கொண்டாட வந்த ஓர் அக்கா "மாட்டுக்கு ஒரு வாழைப்பழம் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். கோயில் மாட்டுக்குக் கொடுத்துப் பழகிய கை. "வேண்டாம்க்கா, பழகிட்டா அப்புறம் பையோட வர்றவங்களையெல்லாம் முட்டித் துரத்தும்" என்றேன். உடனே பையை மூடிவிட்டார். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், "செய்யாதே" என்று வெறும் பலகை வைத்தால்தான் யாருக்கும் ரோஷம் வருகிறது.

நாய் வளர்ப்பவர்களிடம் இதே முறையைத்தான் கையாள்கிறேன். கழிவை எடுக்கச் சொல்வது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. பெல்ஜியத்தில் கென்ட் நகரை ஒட்டிய காப்பகங்களில் ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள்: நாய்களால் வருடத்துக்கு ஒரு ஹெக்டேரில் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்கிறது. நாங்கள் வாரி வாரி வெளியே கொண்டுபோகும் சத்து இந்த வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. நாய் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் வேலையை முடித்துவிடும் என்பதால், அங்கே பாதையோரம் பூவே இல்லாமல் முரட்டுப் புல் மட்டும் அடர்ந்திருப்பதை எந்த சாக் குன்றிலும் பார்க்கலாம்.

குன்று நமக்குக் காட்சி மட்டும் கொடுக்கவில்லை. மழைநீர் இந்த சாக்குக்குள் இறங்கித்தான் கீழே நிலத்தடி நீராகிறது, குழாயில் வருகிறது. மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்த வருடங்களில், வழக்கமாக வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கில் கேட்டரம் போர்ன் என்ற ஓடை திடீரெனக் கிளம்பும். 2014 பிப்ரவரியில் அப்படிக் கிளம்பிக் கென்லியிலும் பர்லியிலும் தெருவுக்கு வந்தது. சுமார் 47,000 வீடுகளுக்குத் தண்ணீர் தரும் கென்லி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகாமல் தடுக்கத் தீயணைப்புப் படை இரவுபகலாக நின்றது. மேலே புல்லாக இருப்பதற்குப் பதில் தாரும் கூரையுமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொறியியல் படித்த எவரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாப் பொது வெளிக்கும் ஃபார்திங் டவுன்ஸுக்கு அமைந்த மாதிரி 1878 சட்டக் கவசம் இல்லை என்பதை எங்கள் தெருமுனைத் திடலில் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் சின்னத் திடல். அதை வீட்டுமனைக்கு விற்கும் யோசனை இருக்கிறது என்று அரசல்புரசலாகப் பேச்சு வந்தது. கம்பத்தில் நோட்டீஸ் இல்லை, கடிதம் இல்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை, "உள்ளூர்ப் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பார்" என்றார். பொடி எழுத்தில் இருந்தது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, கவுன்சில் பொதுத் திறந்தவெளியை விற்குமுன் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்து, வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவைவிட, ஆளுக்கொரு விதமாகச் சொந்தக் காரணம் எழுதிய கடிதங்களுக்கு மரியாதை அதிகம் என்று அந்த ஆசிரியை சொன்னதைக் கேட்டு நடந்தோம். என் மகள் எழுதியது நாலு வரி. யோசனை இப்போதைக்குக் கிடப்பில் இருக்கிறது.

அந்த விளம்பரத்தைச் செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2023இல் வந்த ஒரு பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் படியுங்கள். ஷ்ரூஸ்பரி நகரில் 1920களில் வாங்கிய ஒரு விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியை, விளம்பரம் செய்யாமலே வீடு கட்டுபவருக்கு விற்றுவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் விடாமல் வழக்காடினார். நிலம் கை மாறினாலும் மக்களின் உரிமை சாகவில்லை என்று சொல்லிக் கட்டட அனுமதியை ரத்து செய்தது கோர்ட். அவரைக் காப்பாற்றியது பழைய காகிதம்: எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின்கீழ், எதற்காக வாங்கினார்கள் என்ற பதிவு. உங்கள் ஊர்த் திடலுக்கும் அந்தக் காகிதத்தை இப்போதே தேடி ஒரு நகல் எடுத்து வையுங்கள். நிலப் பதிவகத்தில் சில பவுண்டுக்குக் கிடைப்பது உரிமையாளர் பெயரும் நிபந்தனைகளும்தான். வாங்கிய கதை கவுன்சிலின் பழைய கூட்டக் குறிப்புகளில், மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

இன்னொரு வழி, ஊர்ப் பசுந்திடலாகப் பதிவு செய்வது. 2006ஆம் ஆண்டு காமன்ஸ் சட்டப்படி, 20 வருடம் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவின்றி, வேலியை உடைக்காமல் ஊர்மக்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். பழைய புகைப்படங்கள் இங்கே பெரிய சாட்சி, பின்னணியில் திடல் தெரியும் பிறந்தநாள் படம்கூட உதவும். ஒரு எச்சரிக்கை: 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த இடத்துக்குக் கட்டட விண்ணப்பம் அறிவிக்கப்பட்டுவிட்டால் பதிவுக்கு மனுப் போட முடியாது. ஆபத்து தெரிந்த பிறகு ஓடினால் கதவு சாத்தியிருக்கும்.

கவுன்சில் கையில் இருந்தால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஈஸ்ட்போர்ன் நகர மன்றம் 1926இல் தனிச் சட்டம் போட்டு 4,000 ஏக்கருக்கு மேல் சாக் குன்றுகளை வாங்கியது. 1929இல் இளவரசர் ஒருவரே வந்து மக்களுக்கென்று அர்ப்பணித்தார். தொண்ணூறு வருடம் ஆவதற்குள் பணமுடை என்று அதிலிருந்த பண்ணைகளை விற்கும் திட்டம் வந்தது. ஊர் எதிர்த்து நின்றதால் 2017இல் கைவிட்டார்கள். எதிர்த்தவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடைபோகிறவர்கள்தான்.

ஃபார்திங் டவுன்ஸுக்கு முதல்முறை வருபவர்கள் ஜூன் கடைசி அல்லது ஜூலையில் வாருங்கள், ராட்டிலும் ஆர்க்கிடும் அப்போதுதான். நீலப் பட்டாம்பூச்சிக்கு ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட், வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள், மேகம் மூடினால் ஒன்றுகூடப் பறக்காது. மழை பெய்த மறுநாள் சாக் பாதை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், செருப்பு ஆகாது. முழுக்கால் பேண்ட் போடுங்கள், உயரப் புல்லில் உண்ணி இருக்கும், வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். உச்சியில் கழிப்பறையையோ கடையையோ நம்பி ஏறாதீர்கள், தண்ணீரைக் கையோடு கொண்டுவாருங்கள். குளிர்காலத்தில் வேலை செய்ய வர விருப்பம் இருந்தால் அனுபவம் எதுவும் தேவையில்லை. கருவி அவர்களே தருவார்கள், பிஸ்கட்டும் டீயும் உண்டு. டீ சுமார்தான். நான் ஃபிளாஸ்கில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொண்டுபோகிறேன், ரேஞ்சருக்கும் சேர்த்து.